மெகாபிக்சல் சண்டையில் கட்சி மாறியவர்கள்

2007 ஆகஸ்டில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு கேமராக்களின் அறிவிப்பு வந்தது. 20ஆம் தேதி கேனானின் இஓஎஸ்-1டிஎஸ் மார்க் 3, 21.1 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் படப்புள்ளி). 23ஆம் தேதி நிக்கானின் டி3, 12.1 மெகாபிக்சல். இரண்டிலும் ஒளியைப் பதியும் சில்லான சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு. இரண்டும் தொழில்முறைக்காரர்களுக்கான உயர்வரிசை பாடிகள், அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா உடம்புகள். (விளையாட்டுப் படக்காரர்களுக்கென்று கேனான் 10 மெகாபிக்சல் 1டி மார்க் 3-ஐத் தனியாக வைத்திருந்தது என்பதை அன்றைய வாக்குவாதத்தில் பலரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.)

கேனான்காரர்கள் கேட்டது: இவ்வளவு விலை கொடுத்து 12 மெகாபிக்சலா? நுணுக்கம் வேண்டாமா? நிக்கான்காரர்கள் திருப்பிக் கேட்டது: 12 எதற்குப் போதாது? இருட்டில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) 6400-க்கு ஏற்றினால் உன் கேமரா என்ன செய்யும், காட்டு பார்ப்போம்.

சரி, ஐந்து வருடம் தள்ளிப் போவோம். 2012 பிப்ரவரியில் நிக்கான் டி800 வந்தது, 36.3 மெகாபிக்சல். அடுத்த மாதம் கேனான் 5டி மார்க் 3 வந்தது, 22.3 மெகாபிக்சல். வாதங்கள் அச்சுப் பிசகாமல் இடம் மாறின. “12 போதும்” என்று சத்தியம் செய்தவர்கள் 36 எவ்வளவு அவசியம் என்று விளக்கினார்கள். நுணுக்கமே உயிர் என்றவர்கள், இவ்வளவு பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சலித்துக்கொண்டார்கள். 2015-ல் கேனான் 50.6 மெகாபிக்சல் 5டிஎஸ்-ஐக் கொண்டுவந்ததும் மறுபடி ஒரு சுற்று.

மெகாபிக்சல் பற்றி ஆர்வலர்கள் சொல்லும் அபிப்பிராயத்தை அவர்கள் தோளில் தொங்கும் பாடியின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும் என்பது இதைப் பார்த்து வந்த எனக்குப் பிடிபட்ட விஷயம். அதற்காக யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எல்லார் கையிலும் பாதி உண்மை இருக்கிறது. மற்ற பாதியைப் பேச அவரவருக்கு அப்போது அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

எண் பெரிதானால் படம் எவ்வளவு பெரிதாகும்?

மெகாபிக்சல் என்பது பரப்புக் கணக்கு. மனை வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஒரு சதுர மனைக்குப் பதில் அதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுர மனை வாங்கினால், முகப்பின் அகலம் இரட்டிப்பாகாது, 41 சதவீதம்தான் கூடும். 12-லிருந்து 24 மெகாபிக்சலுக்குப் போனாலும் அதே கதை. அகலத்தில் இரட்டிப்பு வேண்டுமென்றால் 48 வேண்டும். 24-லிருந்து 61-க்குப் போவது விளம்பரத்தில் பெரிய தாவலாகத் தெரியும். படத்தின் அகலத்தில் அது 1.6 மடங்கு.

ஆரம்ப காலத்தில் இந்தப் பந்தயம் வெறும் விளம்பரமாக இருக்கவில்லை. 1975-ல் கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 100-க்கு 100, மொத்தம் பத்தாயிரம் பிக்சல். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. 1991-ல் நிக்கான் எஃப்3 உடம்பில் கோடாக் பொருத்தி விற்ற டிசிஎஸ் கேமராவில் 1.3 மெகாபிக்சல். 1999-ல் நிக்கான் டி1-ல் 2.7. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் ஒரு ஏ4 தாளை நிரப்ப 8.7 மெகாபிக்சல் வேண்டும். 2003-ல் சாதாரண ஆட்களும் வாங்கும் விலைக்கு வந்த கேனான் 300டி-யில் இருந்தது 6.3. அதாவது அதுவரை ஏறிய ஒவ்வொரு படியும் அச்சில் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஒரு ஆர்வலர் புது பாடிக்கு ஆசைப்பட்டால் அது நியாயமான ஆசை.

தடம் மாறியது சட்டைப்பை கேமராக்களில். கடையில் நிற்பவருக்குச் சென்சார் அளவு தெரியாது, லென்ஸின் தரம் தெரியாது. பெட்டியின் மேல் அச்சடித்த எண் தெரியும். 10-ஐ விட 12 பெரிது, 12-ஐ விட 14 பெரிது. விரல் நகத்தைவிடச் சிறிய சென்சாரில் வருடத்துக்கு வருடம் பிக்சல்களைத் திணித்தார்கள். கேனானின் ஜி10 (2008) 14.7 மெகாபிக்சலில் வந்தது. வெயிலில் அருமையான படம் தரும். வீட்டுக்குள் வந்தால் முகமெல்லாம் மணல் தூவியது போல ஆகிவிடும். அடுத்த வருடம் ஜி11 வந்தபோது மெகாபிக்சல் 10-க்கு இறங்கியிருந்தது. ஒரு பெரிய கம்பெனி தானாகவே எண்ணைக் குறைத்து, குறைத்ததையே விளம்பரமும் செய்த அபூர்வமான சம்பவம் அது. ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று கூத்தாடினார்கள் ஆர்வலர்கள்.

நாய்ஸ் விவகாரம்

“பிக்சல் கூடினால் நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் பிசிறு) கூடும்” என்ற நம்பிக்கை வேர்விட்டது அந்தக் காலத்தில்தான். இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் இரண்டு கேமராமேன்கள் டீ குடித்துக்கொண்டே பேசினால் இந்த வாக்கியம் வந்து விழும். இதில் எவ்வளவு உண்மை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சென்சாரின் ஒரு சின்ன இடத்தில் 10,000 ஒளித்துகள்கள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒளி சீராக விழுவதில்லை. முன்னே பின்னே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது 100. சதவீதத்தில் 1. இப்போது அதே இடத்தை நான்கு சின்ன பிக்சல்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2,500 துகள், ஏற்ற இறக்கம் 50, அதாவது 2 சதவீதம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு மடங்கு பிசிறாகத் தெரியும். ஆனால் படத்தை அதே பழைய அளவுக்குச் சுருக்கி அச்சடிக்கும்போது நான்கும் ஒன்று சேர்கின்றன: 10,000 துகள், ஏற்ற இறக்கம் 100. பழையபடி 1 சதவீதம். எதையும் இழக்கவில்லை.

நிஜ இருட்டில் மட்டும் கணக்குக் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பிக்சலையும் படித்தெடுக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் பிசிறு சேர்க்கிறது. அது ஒரு பிக்சலுக்கு 3 அலகு என்று வைத்தால், நான்கு பிக்சலுக்குச் சேர்த்து 6 ஆகும். 10,000 துகள் வந்த இடத்தில் இது கணக்கிலேயே வராது. அதே இடத்தில் 40 துகள்தான் விழுந்தது என்றால், பெரிய ஒற்றைப் பிக்சலில் மொத்தப் பிசிறு 7. நான்கு சின்னவற்றில் 8.7. ஆக, ‘குறைந்த பிக்சலே இருட்டுக்கு நல்லது’ என்ற கட்சிக்கு ஒரு மூலையில் நியாயம் உண்டு. அந்த மூலை மிகவும் இருட்டானது. அங்கே போய்ப் படமெடுப்பவர்கள் குறைவு.

டி3-க்கே வருவோம். அதற்கு முந்தைய நிக்கான் டி2எக்ஸ் நேரடியாக ஐஎஸ்ஓ 800 வரைதான் போகும். டி3 போனது 6400 வரை. பிக்சல் குறைவாக வைத்ததால் கிடைத்த வெற்றி என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். டி2எக்ஸ்-இன் மெகாபிக்சல் எவ்வளவு தெரியுமா? 12.4. இரண்டுக்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றே. மாறியது சென்சாரின் பரப்பு: 2.3 மடங்கு பெரிது. கூடவே மூன்று வருடத்தில் சென்சார் தயாரிப்பில் வந்த முன்னேற்றம். பாராட்டு போய்ச் சேர்ந்ததோ மெகாபிக்சல் குறைவுக்கு!

சோனி ஏ7எஸ் (2014) விஷயமும் இதே மாதிரிதான். 12.2 மெகாபிக்சல், இருட்டின் ராஜா என்று பெயர். ஆனால் அந்த 12-க்கு அழுத்தமான காரணம் வீடியோ. 4கே வீடியோவுக்கு அகலத்தில் 3,840 பிக்சல் வேண்டும். ஏ7எஸ் சென்சாரின் அகலம் 4,240. இடையில் வரிகளைத் தாண்டிக் குதிக்காமல், சென்சார் முழுவதையும் படித்தே வீடியோ செய்துவிடலாம். எண்ணைத் தேர்ந்தெடுத்தது வீடியோவின் அகலம்.

நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம்

புது பாடி வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் காரியம், படத்தைக் கணினியில் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணிமையைத் தேடுவது. நானும் செய்வேன், தப்பில்லை. ஒப்பிடும்போதுதான் சிக்கல். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் அங்குலத்துக்கு 92 பிக்சல் இருக்கும். டி3-இன் படத்தை அதில் நூறு சதவீதத்தில் பார்த்தால், நாலடி அகல அச்சுப் படத்தை மூக்கை ஒட்டிப் பார்ப்பதற்குச் சமம். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4-இன் படம் 9,504 பிக்சல் அகலம். அது எட்டரை அடி அகலப் படம். எட்டரை அடிப் படத்தை நாலடிப் படத்தோடு ஒரே தூரத்தில் வைத்து, “இதில் ஷார்ப்னெஸ் இல்லையே” என்றால் என்ன பதில் சொல்வது?

இந்தப் பழக்கத்தால் பிறந்த இன்னொரு வாக்கியம், “இந்த லென்ஸ் அந்த சென்சாரைத் தாங்காது.” லென்ஸ் ஒரு எல்லை வரை தாங்கி, அதற்கு மேல் கைவிட்டுவிடுவது போல இது ஒலிக்கிறது. நடப்பது பெருக்கல். நெருக்கமான கருப்பு வெள்ளைக் கோடுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் 80 சதவீதத்தை லென்ஸும், அதில் 80 சதவீதத்தை சென்சாரும் காப்பாற்றினால் கடைசியில் மிஞ்சுவது 64. சென்சார் 90-ஆக முன்னேறினால் 72. லென்ஸ் மட்டமானது, 50-தான் காப்பாற்றுகிறது என்றாலும் பழைய சென்சாரில் 40, புதியதில் 45. மட்டமான லென்ஸும் கொஞ்சம் லாபம் பார்க்கிறது. நல்ல லென்ஸ் அதிக லாபம் பார்க்கிறது. “பாடியை மாற்றாதே, லென்ஸை வாங்கு” என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதி பணக் கணக்கில் சரி. பாடியோடு சேர்த்து விற்கும் சாதாரண 18-55 கிட் லென்ஸை வைத்துக்கொண்டு பாடியை மட்டும் மூன்று முறை மாற்றியவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

கை நடுக்கமும் அப்படியே. டி3-இன் ஒரு பிக்சல் 8.4 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலம். 5 மைக்ரான் நடுக்கம் அதற்குள்ளேயே மறைந்துவிடும். ஏ7ஆர் 4-இன் பிக்சல் 3.8 மைக்ரான், அதே நடுக்கம் பக்கத்துப் பிக்சலில் போய்க் கசியும். டி800 வெளியானபோது நிக்கான் தனியாக ஒரு கையேடே போட்டு, ட்ரைபாட், லைவ் வியூ (பின்பக்கத் திரையைப் பார்த்தே எடுப்பது) என்று அறிவுரை சொன்னது. கேனான் 5டிஎஸ்-இல் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி ஏறி இறங்கும் அதிர்வை அடக்க மோட்டார் வைத்து ஏற்பாடு செய்தது. சாதாரணமாக 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பழகியவர் 1/250-க்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போனால் ஐஎஸ்ஓ ஏறும். பிக்சலை முழுசாக அறுவடை செய்ய வேண்டுமென்றால்தான் இந்தக் கவலையெல்லாம். பழைய அளவு அச்சே போதுமென்றால் பழைய ஒழுங்கே போதும்.

எஃப்/16-ல், அதாவது லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி, நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு ஒளியே ஒரு வரம்பு போடுகிறது. ஒரு புள்ளியின் பிம்பம் லென்ஸ் துளையில் விரிந்து, பச்சை ஒளியில் சுமார் 21 மைக்ரான் வட்டமாகிவிடும். 3.8 மைக்ரான் பிக்சலில் அது ஐந்தரைப் பிக்சல் அகலம். அதற்காக 61 மெகாபிக்சல் கேமரா எஃப்/16-ல் 24-ஐ விட மோசமான படம் தரும் என்று பயப்பட வேண்டாம். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பலன் கிடைக்காது, அவ்வளவே.

படம் கடைசியில் எங்கே போகிறது?

என்னைக் கேட்டால், வாக்குவாதம் தொடங்க வேண்டிய இடமே இது. 4கே டிவி முழுவதும் சேர்த்து 8.3 மெகாபிக்சல். நம்மூர்க் கல்யாண மண்டப வாசலில் மணமக்கள் படத்தைப் பிரமாண்டமாகக் காட்டும் எல்இடி வால் இருக்கிறதே, 12 அடிக்கு 8 அடி, விளக்குக்கு விளக்கு 3.91 மி.மீ. இடைவெளி என்று வைத்தால், அகலத்தில் 935, உயரத்தில் 623. மொத்தம் ஆறு லட்சம் பிக்சல்கூட இல்லை. ஒரு மெகாபிக்சலில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ப்ரீ-வெட்டிங்குக்கு 45 மெகாபிக்சலில் எடுத்த படம் அங்கே அப்படித்தான் போய் நிற்கிறது, ஊரே வாய் பிளந்து பார்க்கிறது. 2015-ல் ஆப்பிள் உலகமெங்கும் நகரங்களில் வைத்த ராட்சத விளம்பரப் பலகைகளில் இருந்தவை 8 மெகாபிக்சல் ஐஃபோன் 6-இல் எடுத்த படங்கள். முப்பது சென்டிமீட்டரில் பிடித்துப் பார்க்கும் படத்துக்குக் கண் கேட்பது அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளி. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 30 போதும். பலகை பெரிதாகும்போது பார்ப்பவரும் பின்னால் போய்விடுகிறார்.

ஆல்பம் வேறு. 12-க்கு 36 அங்குல விரிப்பு முழுவதும் ஒரே படம் வைத்தால், 300 புள்ளிக் கணக்கில் 38.9 மெகாபிக்சல் வேண்டும். மடியில் வைத்துக் கிட்டத்தில் பார்க்கும் பொருள் அது. ஆனால் அப்படி ஒற்றைப் படம் வைப்பது ஓரிரண்டு விரிப்பில்தான். மற்றவற்றில் டிசைனர் ஐந்தாறு படங்களை அடுக்குவார். அவற்றுக்கு 24 தாராளம். மறுபக்கம் செலவையும் பார்க்க வேண்டும்: 61 மெகாபிக்சலில் சுருக்காத ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒன்று 120 எம்பி-க்கு மேல். முகூர்த்தம், ரிசப்ஷன் சேர்த்து 3,000 படம் என்றால் 360 ஜிபி. இரண்டு பிரதி எடுத்து வைக்க வேண்டும். சீசனில் வாரம் இரண்டு கல்யாணம். ஹார்டு டிஸ்க் கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும்.

பட்டுப்புடவைக்காக ஒரு இடைச்செருகல். நெருக்கமான நெசவும் சென்சாரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால், துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றும், மோரே என்பார்கள். அதைத் தடுக்க சென்சாருக்கு முன்னால் படத்தை லேசாக மங்கலாக்கும் ஒரு வடிகட்டி வைப்பது வழக்கம். டி800-க்குத் துணையாக வந்த டி800ஈ அந்த மங்கலை நீக்கியது. நிலக்காட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள், துணி எடுப்பவர்கள் தயங்கினார்கள். பிக்சல் இன்னும் நெருக்கமானால் நெசவை அது முழுசாகவே பிடித்துவிடும், மோதல் குறையும். அதிக மெகாபிக்சலால் வரும் இந்த லாபத்தைப் பற்றி ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சந்தேகமே இல்லாமல் அதிக பிக்சல் வேண்டுபவர்கள் பறவைக்காரர்கள். கூந்தன்குளத்திலோ வேடந்தாங்கலிலோ 200-500 மி.மீ. ஜூம் லென்ஸை முழுசாக நீட்டினாலும் பறவை சட்டத்தின் நடுவில் கைக்குட்டை அளவு இடத்தில்தான் இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும். 45.7 மெகாபிக்சல் நிக்கான் டி850-இன் (2017) நடுப்பகுதியை ஏபிஎஸ்-சி (ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) அளவுக்கு வெட்டினால் 19.4 மிஞ்சும். பறவைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய, ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட நிக்கான் டி500-இல் இருப்பது 20.9. ஒரு பாடிக்குள் கிட்டத்தட்ட இரண்டு பாடி. இவர்களிடம் போய் “24 போதாதா?” என்று கேட்டால் கோபம்தான் வரும்.

அருங்காட்சியகக்காரர்கள் இன்னொரு உலகம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022-ல் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 100 மெகாபிக்சல் ஹேசல்பிளாட் கேமராவால் 8,439 படங்களாக எடுத்து ஒட்டியது. மொத்தம் 717 ஜிகாபிக்சல். பிக்சலுக்குப் பிக்சல் இடைவெளி 5 மைக்ரான். வண்ணத் துகள் ஒவ்வொன்றும் எப்படிச் சிதைகிறது என்று பார்ப்பதற்காக. அவர்கள் ‘எவ்வளவு போதும்’ என்று விவாதிப்பதில்லை. துகளின் அளவு தெரியும். அதிலிருந்து திரும்பிக் கணக்குப் போடுகிறார்கள்.

வேகத்துக்கு விற்ற பிக்சல்

படமெடுத்துப் பிழைக்கும் விளையாட்டுப் படக்காரர்களுக்கான கேமராக்கள் பல வருடம் 20-லிருந்து 24-க்குள்ளேயே நின்றன. 2020-ல் கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3, 20.1, நிக்கான் டி6, 20.8, அதற்கு முன் வந்த சோனி ஏ9, 24.2. காரணம் எளிது. மைதானத்திலிருந்து படம் நிமிடக் கணக்கில் செய்தி நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய ஃபைல் அங்கே சுமை.

அதைவிட முக்கியம், சென்சாரை எவ்வளவு வேகமாகப் படித்தெடுக்க முடிகிறது என்பது. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. 61 மெகாபிக்சல் ஏ7ஆர் 4-ஐ ஷட்டர் சத்தமில்லாத முறையில் வைத்தால் ஒரு படத்தை முழுசாகப் படிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் சுழலும் கிரிக்கெட் மட்டை வளைந்து போயிருக்கும். 2021-ல் வந்த நிக்கான் இசட்9 தன் 45.7 மெகாபிக்சலை 250-இல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படித்துவிடும். அதனால் இயந்திர ஷட்டரையே கழற்றி எறிந்துவிட்டார்கள். 2023-ல் அறிவித்த சோனி ஏ9 3 இன்னும் ஒரு படி போய், எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது, நொடிக்கு 120 படம். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை? 24.6 மெகாபிக்சல்தான், ஐஎஸ்ஓவும் 250-லிருந்துதான் தொடங்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடிகிறது.

ஆகவே 2024-ல் கேனான் தன் தலைமைக் கேமரா ஆர்1-ஐ 24.2 மெகாபிக்சலில் அறிவித்தபோது கிளம்பிய முணுமுணுப்பு எதிர்பார்த்ததுதான். ‘இசட்9-இல் 45 இருக்கிறது, சோனி ஏ1-இல் 50 இருக்கிறது, உச்ச விலைக்கு 24-ஆ?’ 2007-ல் டி3-ஐப் பார்த்துச் சிரித்த அதே கட்சிக்காரர்கள் இம்முறை 24-இன் மகிமையைப் பாட வேண்டியதாயிற்று. நன்றாகவே பாடினார்கள்.

செல்போன் கடையில் 200

கேமரா ஆர்வலர்கள் இப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதே சந்தை அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. ஜப்பானிய கேமரா சங்கக் கணக்குப்படி 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே. மெகாபிக்சல் பந்தயம் நிற்கவில்லை. செல்போன் கடைக்கு இடம் மாறியது. ஐஃபோன் 2015-லிருந்து 2021 வரை 12 மெகாபிக்சலிலேயே நின்றபோது, மற்றவர்கள் 48, 64, 108 என்று ஏறி 2022-ல் 200-ஐத் தொட்டார்கள். (நடுவில் மலிவு ஃபோன்களில் கேமரா எண்ணிக்கையைக் கூட்ட 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ ஒன்றை ஒட்டி வைத்தார்களே, அதில் யாராவது உருப்படியாக ஒரு படம் எடுத்திருந்தால் பார்க்க ஆசை.)

200 மெகாபிக்சல் செல்போன் சென்சாரில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். எஃப்/1.7 லென்ஸ் ஒரு புள்ளியை அதன் மேல் சுமார் 2.3 மைக்ரான் வட்டமாகத்தான் வரைய முடியும். ஒளியின் ஒரு புள்ளிக்குள் நான்குக்கு நான்கு பிக்சல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எதற்கு இது? சாம்சங் எஸ்23 அல்ட்ரா வழக்கமாக 16 பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. வெளிச்சம் நன்றாக இருந்து, இருமடங்கு ஜூம் தேவைப்பட்டால், கூட்டத்தைக் கொஞ்சம் பிரித்து நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இந்த யோசனையை முதலில் துணிந்து விற்றது நோக்கியா: 2012-ல் வந்த 808 ப்யூர்வியூ, 41 மெகாபிக்சல் சென்சார், சாதாரணமாகக் கொடுத்த படம் 5 மெகாபிக்சல். அன்றைக்கு அதை ஏமாற்று என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான ஃபோன்களில் ஓடுவது அதன் வம்சம்தான்.

இப்போது எண்ணைக் கூட்டுவதற்கு சென்சாரே தேவையில்லை என்ற நிலை வந்திருக்கிறது. மேலே சொன்ன ஆர்1-இல் ஒரு வசதி உண்டு: எடுத்த ஜேபெக் படத்தை கேமராவே கணித்து 96 மெகாபிக்சலாக்கிக் கொடுக்கும். அதோடு வந்த ஆர்5 மார்க் 2, தன் 45-ஐ 179-ஆக்கும். “இதெல்லாம் கற்பனைப் பிக்சல்” என்று பழைய கைகள் முகம் சுளிக்கின்றன. ஃபியூஜி 2000-லேயே 3.4 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து 6.1 மெகாபிக்சல் ஃபைல் தரும் எஸ்1 ப்ரோவை விற்றபோதும் இதே சுளிப்புத்தான். ஆனால் கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வண்ணக் கட்டம்தான் இன்றும் ஏறக்குறைய எல்லாச் சென்சார் மேலும் உட்கார்ந்திருக்கிறது. அதன்படி ஒரு பிக்சல் பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒன்றை மட்டும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சலைக் கேட்டு கேமரா நிரப்பிக்கொள்கிறது. பெட்டியின் மேல் 24 என்று போட்டிருக்கும் எந்தக் கேமராவிலும், கோப்பில் சேரும் வண்ண எண்களில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டு வந்தவை. எது அளந்தது, எது கணித்தது என்ற கோட்டை 24-க்கும் 96-க்கும் நடுவில்தான் போட வேண்டும் என்பவர்கள், அதை ஏன் 8-க்கும் 24-க்கும் நடுவில் போடவில்லை என்று இன்னும் விளக்கவில்லை.